உப்பளக் கரையில் வரலாற்றுப் பாடம்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே சிறுவர் முகம் வாடுதலைப் பலரும் கண்டிருப்பர். கதை என்றால் ஓடிவந்து மடியில் ஏறும் பிள்ளை, வரலாறு என்றால் எழுந்து ஓடுகின்றது. வரலாறும் ஒரு கதையே. அதிலும் நடந்த கதை. அங்ஙனமிருக்க, நடவாத கதை இனிக்க, நடந்த கதை கசத்தல் யாது பற்றி? இவ்வினாவிற்கு முற்ற விடை கூறும் தகுதி எமக்கு இல்லை. ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் மரக்காணத்து உப்பளக் கரையில் யாம் அடைந்த ஒரு தோல்வியும், அதனால் கற்ற பாடமும், இவ்விதழைப் படிப்பார்க்கு, அவருள்ளும் ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளக் கருதும் உடன்மாணவர்க்கு, ஓரளவு பயன்படலாம் என்னும் துணிவால் இதனை எழுதுகின்றோம்.

மரக்காணம், சென்னையினின்று புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்துக் கடலோரத்தில் உள்ளது. கழுவெளி என்னும் பெரிய உவர்நீர் ஏரி அதற்கு அணித்தே கிடக்கின்றது. ஆந்திர நாட்டினின்று கடலையொட்டி வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பகுதியில் முடிவடைகின்றது. இவற்றைச் சூழக் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை உப்புப் பாத்திகள் பரந்துள்ளன. தைக்குப் பின் வெயில் ஏறுந்தோறும் உப்பு விளையும். ஐப்பசி மழை பெய்யத் தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கும். அக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் வேறு கூலி தேடிச் செல்வர்.

இக்கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில், மாலைப் பொழுதுகளில் சிறுவர்க்குப் பாடம் சொல்லுதற்கு யாமும் எம் நண்பர் மூவரும் சென்றிருந்தோம். இருபது பிள்ளைகள் வந்தனர். பெரும்பாலோர் உப்பளத்தில் உழைப்பாருடைய மக்கள். கணக்கும் தமிழும் ஒருவாறு நடந்தன. வரலாறு எம் பங்கில் வந்தது. யாம் கருநாடகப் போர்களை எடுத்துக்கொண்டு, தூப்ளே, கிளைவ், முசாபர் சங், அயர் கூட் என்னும் பெயர்களையும், 1746, 1751, 1760 என்னும் ஆண்டுகளையும் வரிசையாக அடுக்கினோம். இரண்டு நாள் கழிந்தன. மூன்றாம் நாள் ஒரு பையன் மணலில் நண்டு வரைந்துகொண்டிருந்தான், இருவர் உறங்கிவிட்டனர்.

"ஆலம்பறைக் கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது, 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர்" என்று யாம் ஒப்புவித்தபொழுது, பின்வரிசையில் இருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தலை நிமிர்ந்தாள்.

"அண்ணா, கடப்பாக்கத்தாண்ட இடிஞ்சு கெடக்குதே, அந்தக் கோட்டையா?"

"ஆம் அம்மா, அதுதான்."

"எங்க அத்தை ஊருக்குப் போனா அது மேல ஏறித்தான் வெளையாடுவோம். அப்பன்னா புஸ்தகத்துல வர்றது எங்க ஊருங்களா?"

உறங்கியிருந்தவர் விழித்தனர். யார் இடித்தார், எதனால் இடித்தார், உள்ளே இருந்தவர் எங்குப் போயினர், பீரங்கி எவ்வழியாக வந்தது என்று வினாக்கள் ஒருங்கே எழுந்தன. எமக்கோ நாணம் மிகுந்தது. அக்கோட்டை அச்சிற்றூர்க்கு வடக்கே அண்மையில் இருத்தலை யாம் அறிவோம். ஆயினும் அதனைப் பிள்ளைகட்குச் சொல்லவேண்டும் என்னும் எண்ணம் எமக்குத் தோன்றவே இல்லை. எம் மனத்தில் அது நூலில் உள்ள ஒரு வரி. அவள் மனத்தில் அது கால் வைத்து ஏறிய சுவர். அவளுடைய அக்காள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பாத்தி வேலைக்குச் சென்றவள் என்று பின்னர் அறிந்தோம். "படிப்புல வர்றதெல்லாம் பெரிய ஊருக்காரங்க சமாசாரம்" என்று அவ்வீட்டார் எம்மிடம் கூறியதுண்டு. எம்முடைய இரண்டு நாட் பாடமும் அவ்வெண்ணத்தையே உறுதிப்படுத்தியிருக்கும் என்பதை நினைக்கவே மனம் கூசிற்று.

அன்றிரவு யாங்கள் நால்வரும் அமர்ந்து பாடத்தை மாற்றினோம். மாற்றியபொழுது எமக்கு வழிகாட்டியது சிறு பருவத்தில் ஞாயிறு வகுப்பிற் கேட்ட ஒரு செய்தி. இசுரவேலர் யோர்தானைக் கடந்தபின், ஆற்றினின்று எடுத்த பன்னிரு கற்களை யோசுவா கில்காலில் நாட்டினார். இக்கற்கள் ஏன் இங்குள்ளன என்று பிற்காலத்துப் பிள்ளைகள் கேட்பர். அப்பொழுது தந்தையர் நடந்ததை எடுத்துரைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஈண்டுக் கல் முன்னே நிற்கின்றது. வினா அதன்பின் பிறக்கின்றது. கதை கடைசியில் வருகின்றது. யாங்களோ கதையை முதலில் திணித்து, வினாவிற்கு இடமின்றிச் செய்து, கல்லை அறவே மறந்தோம்.

ஆகவே, முதலாவது செய்யத்தக்கது, பிள்ளையின் கைக்கு எட்டும் பொருளினின்று தொடங்குதல். நேரு 1928-ஆம் ஆண்டுக் கோடையில், முசூரியில் இருந்த தம் பத்து வயது மகள் இந்திராவிற்கு அலகாபாத்திலிருந்து கடிதங்கள் எழுதினார். அவை 1929-இல் நூலாக வெளிவந்தன. உலகத்தின் பழங்கதையைச் சொல்லப் புகுந்த அவர் அரசர் பெயரோடு தொடங்கவில்லை. வழியிற் கிடக்கும் ஒரு கூழாங்கல் எவ்வாறு உருண்டை வடிவு பெற்றது என்று ஆராயுமாறு தூண்டினார். மரக்காணத்தில் கூழாங்கல்லும் வேண்டா. உப்பு இருக்கின்றது.

மறுநாள் ஒரு பிடி உப்பைத் தாளில் வைத்து, "இஃது எவ்வாறு விளைகின்றது? எமக்குச் சொல்லுங்கள்" என்றோம். அதுவரை வாய் திறவாத பிள்ளைகள் ஆசிரியர் ஆயினர். உவர்நீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்கி வெயிலிற் காயவிடுதலும், அது செறிந்தபின் சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சுதலும், உறைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவித்தலும் ஒருவர்பின் ஒருவராகக் கூறினர். "பாத்திய மொதல்ல காலால நல்லா மிதிக்கணும் அண்ணா, இல்லாட்டி உப்புல மண்ணு கலந்துடும்" என்று ஒரு பையன் எம்மைத் திருத்தினான். பிள்ளை தான் அறிந்ததைச் சொல்லப் பெற்றபின், பிறர் அறிந்ததைக் கேட்க விரும்புகின்றது. இதனை யாம் அன்றே கண்கூடாகக் கண்டோம்.

அதன்பின், "இவ்வூரில் எத்தனை காலமாக உப்பு விளைகின்றது?" என்று கேட்டோம். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து" என்றான் ஒருவன். அவர்களை மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். அது சோழர் காலத்துக் கோயில். அதன் கற்சுவர்களில் அக்காலத்து எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. அக்கல்வெட்டுகளில் இப்பகுதி உப்பளங்களும் பேசப்படுகின்றன. உப்பளத்தைக் குறிக்கும் அளம் என்னும் பழஞ்சொல், இன்றும் அப்பிள்ளைகள் நாடோறும் வழங்கும் சொல்லின் ஈற்றில் நிற்கின்றது. ப, ட, ம போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவிற்கு நெருங்கியிருத்தலால், அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்குமாறு ஏவினோம். மெய்யெழுத்துகளின் மேல் புள்ளி காணப்படாமையை யாம் சொல்லுமுன்னரே ஒரு சிறுவன் கண்டுகொண்டான். கல்வெட்டு முழுவதையும் அவர்கள் படிக்கவில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவன் உளியால் வெட்டிய எழுத்தைத் தம் விரலால் தடவி, 'இஃது எமக்குத் தெரியும்' என்றனர்.

இரண்டாவது, காலத்தின் நெடுமையைக் கண்ணுக்குப் புலனாக்குதல். ஆயிரம் ஆண்டு, இருநூறு ஆண்டு என்பன பத்து வயதுப் பிள்ளைக்கு வெற்றொலிகளே. மீனவர் இல்லத்துப் பையன் ஒருவன் கொணர்ந்த கயிற்றில் இருபது மீட்டர் அளந்து, வரப்பின்மேல் நீட்டினோம். ஒரு மீட்டருக்கு நூறு ஆண்டு என்பது கணக்கு. ஒரு முனை இன்று. அவர்தம் வாழ்நாள் பத்து ஆண்டும் பத்துச் சென்டிமீட்டரில் அடங்கிவிட்டது. அதனைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தனர். காந்தியடிகள் உப்பெடுத்த 1930-க்கு ஒரு மீட்டருக்குச் சிறிது குறைவான தொலைவில் முடிச்சு விழுந்தது. ஆலம்பறை இடிபட்ட 1760-க்கு இரண்டரை மீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு முடிச்சு. முதலாம் இராசராசன் அரியணை ஏறிய 985-க்குப் பத்து மீட்டர் கடந்து நடக்கவேண்டியிருந்தது. பாடநூலில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும் செய்திகட்கு இடையே எத்துணை வெளி உள்ளது என்பதை யாங்களும் அன்றுதான் உணர்ந்தோம்.

கயிற்றின் மறுமுனைக்கு அருகில் ஒரு முடிச்சு இட்டோம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல், இக்கீழ்க்கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைமுகங்களைக் குறிக்கின்றது. சோபட்மா என்பது சோபட்டினம் ஆகலாம் என்பர். சோ என்பதற்கு மதில் என்பது பொருள். எயில் என்பதற்கும் அதுவே பொருள். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைக் காணச் செல்லும் பாணர்க்கு வழி கூறுமிடத்து எயிற்பட்டினம் என்னும் கடற்கரையூரைக் காட்டுகின்றது. அவ்வூர் மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இரு மொழிகளில் இருவர் எழுதிய இரு பெயர்களும் ஒரே ஊரைக் குறிக்கக்கூடும் என்றபொழுது, பிள்ளைகள் துப்பறியும் கதை கேட்பார்போல நெருங்கி அமர்ந்தனர்.

அப்பாட்டில், அலைகள் கரையில் ஒதுக்கிய நறுமண மரங்கள் உறங்கும் ஒட்டகங்களைப்போலக் கிடந்தன என்னும் உவமை வருகின்றது. இதனைச் சொன்னவுடனே, "நம்ம ஊர்ல ஒட்டகம் ஏது அண்ணா?" என்னும் வினா எழுந்தது. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அமர்ந்து அப்பாட்டைப் பொருளுரைத்துப் படித்த எமக்கு அவ்வினா தோன்றியதில்லை. தொல்காப்பிய மரபியலிலும் ஒட்டகம் கூறப்படுகின்றது. பாலைவனத்து விலங்கைத் தமிழ்ப் புலவர் அறிந்திருந்தமையின், வணிகர் வாயிலாக அஃது இந்நாட்டிற்கு வந்திருத்தல் கூடும் என்று ஆராய்ந்து கூறினோம். ஒரு நல்ல வினா ஆசிரியனையும் மாணாக்கனாக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மூன்றாவது, பிள்ளைகளைப் பாடத்தினுள் நடக்கவும் ஆடவும் விடுதல். ஆங்கிலக் கம்பெனியார் 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு வாணிகத்தைத் தம் தனியுரிமை ஆக்கிக்கொண்டனர். அதன்பின் கடலோரத்தான் தன் வாயிற்படியில் விளையும் உப்பைத் தானே எடுப்பதும் குற்றமாயிற்று. இதனைச் சொன்னபொழுது, தந்தை வாரிய உப்பை வீட்டிற்குக் கொணர்தல் எவ்வாறு திருட்டாகும் என்று அவர்கள் சினந்தனர். அச்சினமே 1930-ஆம் ஆண்டிற்கு வாயில். அவ்வாண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இராசாசி தொண்டர் தொண்ணூற்றெண்மருடன் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டு, வேதாரணியத்தை அடைந்து, 30-ஆம் நாள் உப்பெடுத்தார். தொண்டர்க்கு உணவோ உறையுளோ கொடுத்தல் கூடாது என்று தஞ்சை ஆட்சித்தலைவர் தார்ன் தடை விதித்திருந்தார். ஊரார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்து, தொண்டர் தாமே எடுத்துண்ணும்படி செய்தனர் என்பர். இதனை விளையாட்டாக நடத்தினோம். பாதிப்பேர் ஊரார், பாதிப்பேர் காவலர். பொரிப் பொட்டலங்கள் மரக்கிளைகளில் மறைந்தன. ஆட்டம் முடிந்தபின், காவலராய் இருந்த ஒரு சிறுவன், "எனக்கும் பசிச்சுது அண்ணா, நான் பார்த்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றான். அந்நாளில் அவ்வழி நின்ற காவலர் மனம் எவ்வாறு இருந்திருக்கும் என்று அவன் ஒருகணம் எண்ணிப்பார்த்தான்.

ஈண்டு ஒன்று வற்புறுத்தல் வேண்டும். இனிமை என்பது நகைப்பு மட்டும் அன்று. பக்கிங்காம் கால்வாயின் கதையில் துயரமும் உண்டு. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அக்கால்வாய் சிறிது சிறிதாக நீண்டது. 1876 முதல் 1878 வரை இருந்த கொடும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அப்பஞ்சத்தில் கூலிக்கு வந்தவரைக் கொண்டே சென்னையில் கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடைப்பட்ட பகுதி வெட்டப்பட்டது. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டினவர் பெயர் ஒன்றேனும் அதற்கு இல்லை. இதனைக் கேட்டபொழுது பிள்ளைகள் அமைதியாய் இருந்தனர்; ஒருவரும் கொட்டாவி விடவில்லை. துயரத்தை மறைத்து வரலாற்றைத் தின்பண்டமாக்க வேண்டுவதில்லை. தம்மைப் போன்றார் துன்பத்தைப் பிள்ளைகள் பெரியவரினும் நன்கு உணர்கின்றனர்.

நான்காவது, பொய் கலவாமை. சுவைக்காகப் புனைந்து கூறுதல் எளிது. சம்பளம் என்னும் சொல் சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாய்க் கொடுக்கப்பட்டமையால் வந்தது என்று பலர் கூறுவர். கேட்க இனிதே, ஆயின் அச்சொல் வழிச்செலவுப் பொருளைக் குறிக்கும் வடசொல்லினின்று வந்தது என்பாரும் உளர். யாங்கள் இரண்டையும் கூறி, 'எது பொருந்தும்?' என்று கேட்டோம். உறுதியாக அறிந்தது இது, ஊகித்தது இது என்று பிரித்துக் காட்டினால் சுவை குன்றும் என்று அஞ்சினோம். மாறாகச் சுவை மிகுந்தது. இன்னும் முடியாத வழக்கில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்பது பிள்ளைகட்கு மகிழ்ச்சி தருகின்றது.

அவ்விடம் வெறும் விளையாட்டிடம் அன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. மதுரைக்கு அருகிலுள்ள கீழடியில் 1970-களில் ஆசிரியராய் இருந்த பாலசுப்பிரமணியம் என்பார், கிணறு வெட்டியபொழுது வெளிப்பட்ட பழம்பொருள்களைத் தம் மாணாக்கர் வாயிலாக அறிந்து, தொல்லியல் துறைக்குத் தெரிவித்தார். பல்லாண்டு கழித்து 2015-இல் அகழாய்வு தொடங்கிற்று. 2023-இல் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. இராமநாதபுரத்தை அடுத்த திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் ஒன்று இயங்கி, மாணவர்க்குப் பழைய எழுத்துகளைப் படிக்கவும் பழம்பொருள்களை இனங்காணவும் பயிற்சி அளித்துள்ளது. பிள்ளை கொணர்ந்த ஓட்டை ஆசிரியர் எறிந்துவிட்டிருந்தால் எத்துணை இழந்திருப்போம்!

தேர்விற்கு ஆண்டுகளும் பெயர்களும் வேண்டுமே, இவ்விளையாட்டால் அவை நிரம்புமோ என்று சிலர் வினவலாம். வேண்டும் என்பதை யாமும் ஒப்புகின்றோம். ஆயினும் ஆணி அடிக்கச் சுவர் முன்னரே இருத்தல் வேண்டும். முதல் இரண்டு நாளில் யாங்கள் சொன்ன ஆண்டுகளுள் ஒன்றேனும் அப்பிள்ளைகள் நினைவில் தங்கவில்லை. ஆலம்பறைக்கு அழைத்துச் சென்று, சுண்ணச்சாந்தில் அடுக்கிய செங்கற்சுவர் பிளந்து கிடத்தலைக் காட்டிய பின்னர், 1750-உம் 1760-உம் கேளாமலே அவர் வாயினின்று வந்தன. அவ்விரண்டிற்கும் இடையே பத்தே ஆண்டுகள் என்பதையும், அது தம் வயது என்பதையும் அவர்களே கண்டனர்.

யாங்கள் விடைபெறும் நாளின் மாலையில் கயிற்றை மீண்டும் வரப்பில் நீட்டினோம். ஆலம்பறையைப் பற்றி முதலில் வினவிய சிறுமி முன்வந்து, "அண்ணா, நானும் ஒரு முடிச்சு போடலாமா?" என்றாள். எதற்கு என்று கேட்டோம். "எங்க ஆயா சின்னப் புள்ளையா இருக்கச்ச இந்தக் கால்வாயில உப்பு ஏத்திக்கிட்டுப் படகு போச்சாம். நேத்து ராத்திரி கேட்டேன். அப்ப அதுக்கு என் வயசாம்." ஆயாவின் வயதினின்று தன் வயதைக் கழித்து, விரலால் எண்ணி, சென்டிமீட்டர் அளந்து, 1930-க்கும் இன்றைக்கும் இடையே தன் முடிச்சை இட்டாள். அதனை அவளுக்கு யாரும் கற்பிக்கவில்லை. அச்செய்தி எம் பாடநூலிலும் இல்லை. அதுவரை யாங்கள் இட்ட முடிச்சுகள் எல்லாம் பிறர் சொல்லக் கேட்டவை. அவள் இட்டது தானே தேடிக் கொணர்ந்தது.

அவள் அக்காள் சென்ற வழியே அவளும் பள்ளியை விட்டுச் செல்லுதல் கூடும். ஒரு கயிறும் ஒரு பிடி உப்பும் அதனைத் தடுக்கும் என்று யாம் சொல்லத் துணியோம். ஆயினும் நூலில் வருவது தன் ஊர் என்று அறிந்த பிள்ளை, நூலை விடுமுன் ஒருமுறை தயங்கும். அவளைப் பெற்றோரும் தயங்குவர். அத்தயக்கத்தை உண்டாக்குதல் ஆசிரியனால் இயல்வது.

எம் கல்லூரி மாணவருள் கடற்கரையூரினரும், மலையூரினரும், ஆற்றங்கரையூரினரும் உளர். ஒவ்வோர் ஊரிலும் ஓர் இடிந்த சுவரோ, எழுத்து வெட்டிய கல்லோ, பொருள் மறைந்த ஊர்ப்பெயரோ இருத்தல் திண்ணம். வரும் விடுமுறையில் அவர் தத்தம் தெருப் பிள்ளைகளை அதன்முன் நிறுத்தி, சிறிது நேரம் தாம் வாய் பேசாதிருப்பாராக. வினா தானே வரும்.